கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, கரண்ட் பில் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்னவெல்லாம் செய்யலாம்?" என்பதுதான். சாப்ட்வேர் வேலையில் இருப்பதால், நான் ஏதாவது பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். "வீட்டு பில்களை எழுதி வையுங்கள்" என்று சொன்னால் முகம் சுருங்கி விடுகிறது. இதற்கா நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தோம் என்பது போல் பார்க்கிறார்கள்.

இதற்குத்தான் என்பது என் கருத்து. படம் பார்க்க டிவி இருக்கிறது. பணம் கட்ட மொபைல் போன் இருக்கிறது. ஆனால் ஒரு வீடு எதற்கு, எப்போது, எவ்வளவு கட்டியது என்பதை ஐந்து வருடம் கழித்தும் சொல்ல, கம்ப்யூட்டரை விட்டால் வேறு நல்ல சாதனம் இல்லை.

முன்பு அந்த வேலையைச் செய்தது ஒரு கம்பி. கப்பலூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். கரண்ட் பில், கேஸ் பில், டெலிபோன் பில் எல்லாவற்றையும் அப்பா அதில் குத்தி வைப்பார். பக்கத்தில் மின் வாரியத்தின் வெள்ளை அட்டை. ரீடிங் எடுக்க வருபவர் தேதி, ரீடிங், யூனிட், தொகை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அட்டையைப் பார்த்தால் போதும்.

பிறகு எல்லாம் மொபைலுக்கு மாறியது. எஸ்.எம்.எஸ்.ஸில் தொகை வருகிறது, ஆப்-பில் பணம் போகிறது. கம்பி காலியாகி விட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எஸ்.எம்.எஸ். நிறைந்து விட்டது என்று மொத்தமாக அழிக்கும்போது வீட்டின் கணக்கும் சேர்ந்து போய்விடுகிறது. ஒருவர் கட்டுவது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. அப்பா கவுன்ட்டரில் கட்டுவார், தங்கை போனில் கட்டுவாள், நான் ஊரில் இல்லாமலே ஆன்லைனில் கட்டுவேன். ஒரே பில்லை இரண்டு பேர் கட்டியதும் உண்டு, யாரும் கட்டாமல் விட்டதும் உண்டு.

எங்கள் ஊர்க்காரர்கள் பண விஷயத்தில் ஏமாளிகள் இல்லை. கப்பலூர் டோல்கேட்டில் உள்ளூர் வண்டிகளுக்குக் கட்டணம் கேட்டதற்காகத் திருமங்கலம் வட்டாரமே எத்தனை முறை திரண்டது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். 2024 ஜூலையிலும் போராட்டம் நடந்தது. பாஸ்டேகில் ஒரு ரூபாய் தப்பாகக் கழிந்தாலும் கண்டுபிடித்து விடுவார்கள். அதே ஆட்கள்தான் வீட்டுக்குள் கழியும் பணத்தைப் பற்றிக் கேட்டால், "ஏதோ வருது, கட்டுறோம்" என்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம், 2023 கோடை வரை. அந்தத் தடவை கரண்ட் பில் 2,110 ரூபாய் வந்தது. அதற்கு முந்தைய பில் 1,485. வீட்டில் ஏ.சி. கிடையாது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. "ரீடிங் தப்பா எடுத்துட்டாங்க" என்றார் அப்பா. "மீட்டரே வேகமா ஓடுது, டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுங்க மச்சான்" என்றார் மாமா. பிரிட்ஜ் பழசாகி விட்டது, மாற்ற வேண்டும் என்றாள் தங்கை. மூன்று பேருக்கும் மூன்று சந்தேகம், யார் கையிலும் கணக்கு இல்லை.

எனக்கு முதலில் புரிந்தது ஒன்றுதான். மின்சாரம் கூடியதை விடத் தொகை அதிகமாகக் கூடியிருந்தது. 460 யூனிட் 520 ஆகியிருந்தது. வெறும் 60 யூனிட்டுக்கு 625 ரூபாயா? இங்கே கொஞ்சம் நின்று இந்தக் கணக்கைப் பார்த்து விடுவோம். பலருக்கு இது தெரியாது. என்ஜினீயரிங் படித்த எனக்கே அன்றுதான் தெரிந்தது.

2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்த வீட்டிற்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக 460 யூனிட்டுக்கு 225, 900, 360 என்று கூட்டினால் 1,485. சரி. 500-ஐத் தாண்டிய வீட்டிற்குப் பட்டியலே வேறு. முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும். ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய். 2.25 என்ற சலுகை வரிசை காணாமல் போய்விடும். 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆக 520 யூனிட்டுக்கு 1,350, 600, 160 என்று 2,110. கூடிய 60 யூனிட்டின் விலை 400 ரூபாய்தான். மீதி 225 ரூபாய், கோட்டைத் தாண்டியதற்கு.

சரியாக 500 யூனிட் ஓட்டிய வீடு 1,725 ரூபாய் கட்டியது. 501 ஓட்டிய வீடு 1,958 கட்டியது. ஒரே ஒரு யூனிட். பழைய கட்டணத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். 2022-க்கு முன்பு 500-க்கு 1,130 ரூபாய், 501-க்கு சுமார் 1,787. கட்டணம் 2024 ஜூலையில் மறுபடி உயர்ந்தது. எனவே உங்கள் வீட்டுக் கணக்கைப் போடும்போது அன்றைய தேதியில் உள்ள பட்டியலை மின் வாரிய வெப்சைட்டில் பார்த்து அந்த எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள். எண்கள் மாறும். கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது மாறாது.

சரி, அந்த 60 யூனிட் எங்கே போனது? அப்போது ஊரில் எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மீட்டரைப் பார்த்து எனக்குப் போனில் சொல்வார். நான் என் லேப்டாப்பில் எக்ஸெல் பைல் ஒன்றில் பதிவேன். தேதி ஒரு காலம், ரீடிங் ஒரு காலம், போன வாரத்திலிருந்து எவ்வளவு கூடியது என்பது ஒரு காலம், அதை 7-ஆல் வகுத்தது ஒரு காலம். அவ்வளவுதான். இரண்டு வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. முன்பு அட்டையில் இருந்த பழைய கணக்கின்படி ஒரு நாளைக்கு ஏழரை யூனிட்டுக்குள் இருந்த வீடு, இப்போது எட்டரைக்கு மேல் இழுக்கிறது. ஞாயிறு, திங்கள் வித்தியாசமில்லை. விருந்தாளி வந்த வாரம், வராத வாரம் வித்தியாசமில்லை. தினமும் ஒரு யூனிட், தவறாமல்.

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இழுப்பது போர் மோட்டார் ஒன்றுதான். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். "டேங்க் நிறைய எவ்வளவு நேரமாகுதும்மா?" என்று கேட்டேன். "முன்ன மாதிரி இல்லப்பா, இப்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஆகுது. போர்ல தண்ணி கொறஞ்சு போச்சுல்ல" என்றார். முன்பு அரை மணி நேரத்தில் நிறைந்த டேங்க் அது.

போரில் தண்ணீர் குறையவில்லை. மோட்டாரிலிருந்து டேங்கிற்குப் போகும் பைப் மண்ணுக்கடியில் ஒரு இணைப்பில் விட்டிருந்தது. தண்ணீர் மேலே தெரியாமல் உள்ளேயே போய்க் கொண்டிருந்தது. எங்கே போனது என்று கேட்கிறீர்களா? கொல்லையில் அம்மாவின் கறிவேப்பிலை மரம் அந்த வருடம் அப்படித் தழைத்திருந்தது. தெருவுக்கே கொடுத்தோம். "என் கைராசி" என்று அம்மா சொல்லிக் கொண்டிருந்தார். கைராசி இல்லை, இரண்டு மாதத்திற்கு 625 ரூபாய்.

ரீடிங் எடுத்தவர் மேல் தப்பில்லை, மீட்டர் மேல் தப்பில்லை, பிரிட்ஜ் மேலும் தப்பில்லை. எழுதிப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றோடு சண்டை போட்டிருப்போம். அநேகமாகப் புது பிரிட்ஜ் வாங்கியிருப்போம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் தொகுப்பை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள், இலவசம். அதில் கால்க் என்ற புரோகிராம் இருக்கும். முதல் காலத்தில் தேதி, இரண்டாவதில் ரீடிங். இரண்டு வாரம் பதிந்த பிறகு, மூன்றாவது காலத்தில் சமக்குறி டைப் செய்து, இந்த வார ரீடிங் உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, போன வார ரீடிங் உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். பயன்படுத்திய யூனிட் வந்து விடும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் அதே கணக்குப் பொருந்தும். மின் வாரியத்தினர் ரீடிங் எடுத்த நாளன்று மட்டும் அந்த வரிசைக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். மஞ்சள் வரிசையிலிருந்து எண்ணிக் கொண்டே வந்தால், கோட்டிற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பில் வருவதற்கு மூன்று வாரம் முன்பே தெரியும். அப்போது ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். பில் வந்த பிறகு குறைத்து என்ன பயன்?

இதற்கென்றே தனி சாப்ட்வேர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கூகுள் 2009-ல் பவர்மீட்டர் என்ற சேவையை அறிவித்தது. அதே வருடம் மைக்ரோசாப்ட் ஹோம் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வீட்டு மின்சாரச் செலவைக் கம்ப்யூட்டரில் படமாகக் காட்டுவதுதான் இரண்டின் வேலையும். கூகுள் 2011-ல் மூடி விட்டது, மைக்ரோசாப்ட் 2012-ல். என் நான்கு காலம் பைலை மூட யாராலும் முடியாது. வீட்டுக் கணக்கு எளிமையான பைலில், நம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் ரீடிங் இல்லாததால் தமிழ்நாடே குழம்பிய ஒரு சமயம் உண்டு. 2020 கொரோனா ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வர முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பிறகு நான்கு மாதத்திற்குச் சேர்த்து ரீடிங் எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனியாகக் கட்டணம் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்துக் கொண்டார்கள். பணமாகக் கழிக்காமல் யூனிட்டாகக் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

தெருவில் எல்லோருக்கும் கோபம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிலருக்கு அந்த முறையால் லாபம். முதல் இரண்டு மாதம் 300 யூனிட், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த அடுத்த இரண்டு மாதம் 600 யூனிட் என்று வைத்துக் கொள்ளுங்கள். அன்றைய கட்டணத்தில் தனித்தனியாகப் போட்டால் 530-ம் 2,440-ம் சேர்ந்து 2,970 ரூபாய். 450, 450 என்று பிரித்ததால் இரண்டு 980, மொத்தம் 1,960. இப்படி இல்லாமல் நஷ்டப்பட்ட வீடும் இருந்திருக்கலாம். எது எது என்று யாரால் சொல்ல முடியும்? ஏப்ரல் கடைசியில் மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தவரால் மட்டும்தான். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு கூட இல்லை, எங்கள் வீட்டையும் சேர்த்து.

பில் கூடுவது ஒரு தொல்லை என்றால், கட்டினோமா இல்லையா என்று தெரியாமல் இருப்பது அதை விடப் பெரிய தொல்லை. 2023 நவம்பரில் ஒரு நாள் இரவு எட்டரை மணி. அப்பாவின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும் என்று ஒரு பத்து இலக்க எண். 2022-லிருந்தே இந்த மெசேஜ் இந்தியா முழுக்கச் சுற்றியது, மின் வாரியமும் எச்சரித்தது. ஆனால் எச்சரிக்கையைப் படித்தவர்களுக்கும் இருட்டப் போகிறது என்றால் கை நடுங்கும்.

அப்பா கூப்பிட்டார். எதிர்முனையில் நல்ல மரியாதையான குரல். "சார், நீங்க பணம் கட்டிட்டீங்க, சிஸ்டத்துல ஏறல. ஒரு ஆப் லிங்க் அனுப்புறேன், பத்து ரூபா மட்டும் கட்டுங்க, சரியாயிடும்." அப்பா ஆப்-பை இன்ஸ்டால் செய்து விட்டார். அதில் ஒரு எண் வரும், அதைப் படியுங்கள் என்றான். அந்த மாதிரி ஆப்கள் உண்மையில் திருட்டு ஆப்கள் இல்லை. தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்க நாங்கள் ஆபிசில் பயன்படுத்துபவைதான். அந்த எண் வீட்டுச் சாவி மாதிரி. சொல்லி, வருகிற அனுமதியையும் கொடுத்து விட்டால் உங்கள் திரையில் நீங்கள் பார்ப்பதெல்லாம், ஓ.டி.பி. உட்பட, அவனும் பார்ப்பான். அந்தக் கணக்கில் அன்று தங்கையின் கல்லூரிக் கட்டணம் 38,000 ரூபாய் இருந்தது. மறுநாள் கட்ட வேண்டிய பணம்.

அப்பா எண்ணைப் படிக்கத் தொடங்கி விட்டார். சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "ஏங்க, நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தானே பில்லு வரும்? அவன் போன மாச பில்லுங்கிறான். எந்த ஊர்க்காரன் அவன்?"

அவ்வளவுதான். அப்பா போனை வைத்து விட்டார். இந்தியாவின் பல மாநிலங்களில் மாதா மாதம் பில். எல்லா மாநிலத்திற்கும் ஒரே மெசேஜை அனுப்பியவனுக்குத் தமிழ்நாட்டுக் கணக்கு தெரியவில்லை. சாப்ட்வேர் என்ஜினீயரான நான் பல மைல் தூரத்தில் எதுவும் தெரியாமல் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன்.

இதில் என்னை உறுத்துவது அப்பா ஏமாறப் போனது இல்லை. "கட்டியாச்சு, இந்தா ரசீது" என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லாமல் போனதுதான். அந்தத் தடவை பில்லை நான் ஆன்லைனில் கட்டியிருந்தேன். சொல்லவில்லை. ரசீது என் மெயிலில் இருந்தது. ரசீது கையில் இருப்பவரைப் பயமுறுத்துவது கஷ்டம்.

அந்த மெசேஜ் மாதிரி உங்களுக்கு வந்தால் அதில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடியும் கூப்பிடாதீர்கள், அங்கேயும் போலி எண்கள் உட்கார்ந்திருக்கும். மின் வாரியத்தின் மின்னகம் சேவை 2021 ஜூனில் தொடங்கப்பட்டது, எண் 94987 94987. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிட வேண்டும். பெயர்க் குழப்பத்திலும் விழ வேண்டாம். நாம் ஈ.பி. என்று சொல்லும் வாரியம் 2010 நவம்பரில் பிரிந்து டான்ஜெட்கோ வந்தது, 2024-ல் அதுவும் பிரிக்கப்பட்டு மின் பகிர்மானத்திற்குத் தனிக் கழகம் வந்தது. பெயர் மாறும் நேரம் மோசடிக்காரர்களுக்கு அறுவடை நேரம். பெயரை விட்டு விட்டு உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். மதுரை மண்டலத்தில் அது 05 என்று தொடங்கும். மெசேஜ் அனுப்பியவனுக்கு அது தெரிந்திருக்காது.

அடுத்த வருடம், 2024 ஜூனில், தங்கைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினோம். கூடவே இன்டர்நெட் இணைப்பு. வந்த பையன் அருமையாகப் பேசினான். "ஆறு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கண்ணே, ரவுட்டர் ப்ரீ, இன்ஸ்டலேஷன் ப்ரீ." அப்பா கட்டினார். ஒரு ஓ.டி.பி. வந்தது, சொன்னார். இணைப்பு வாரத்தில் இரண்டு நாள் இருக்காது. ஆறு மாதம் முடிந்ததும் வேண்டாம் என்றோம். ஒப்பந்தம் 12 மாதம், முன்னால் நிறுத்தினால் ரவுட்டருக்கு 2,000, இன்ஸ்டலேஷனுக்கு 1,000 கட்ட வேண்டும் என்றார்கள். "நான் எதுலயும் கையெழுத்தே போடலையே" என்றார் அப்பா. "ஓ.டி.பி. சொன்னீங்கல்ல சார்" என்றார்கள்.

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் இந்த ஒரு வரியைத் தயவு செய்து படியுங்கள்: ஓ.டி.பி. சொல்வது கையெழுத்துப் போடுவது. ஆறு இலக்கம்தானே என்று சொல்லி விடுகிறோம். அதே ஆள் முத்திரைத் தாளை நீட்டியிருந்தால் அப்பா கண்ணாடியைத் தேடியிருப்பார், என்னைக் கூப்பிட்டிருப்பார். ஓ.டி.பி. வந்த மெசேஜிலேயே எதற்காக என்று எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று கேட்டேன். மெயிலுக்கு அனுப்பி விட்டோம் என்றார்கள். எந்த மெயில்? எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி. அப்பாவுக்கு மெயில் கிடையாது என்பதால் அந்தப் பையன் ஏதோ ஒன்றைத் தானே போட்டு அனுப்பி விட்டான். அவன் நாளொன்றுக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, எனக்கு அவன் மேல் பெரிய கோபம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் ஏற்றுக் கொண்டதாகச் சொல்லப்படும் ஒப்பந்தத்தை அந்தக் குடும்பம் பார்த்ததே இல்லை என்பது சரியா?

தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2012-ல் போட்ட விதிகள் இங்கே உதவின. புகார் கொடுத்தால் நிறுவனம் டாக்கெட் எண் கொடுக்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், செலவில்லை. எழுதினேன். இணைப்பு இல்லாத நாட்களின் பட்டியலையும் சேர்த்தேன். தங்கை காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள், அதை டைப் செய்து அனுப்பினேன். ரவுட்டரைத் திருப்பி வாங்கிக் கொண்டு 2,000-ஐ விட்டு விட்டார்கள். 1,000-ஐ விடவில்லை. கட்டினோம். அதோடு முடியவில்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேற்கொண்டு அலைய எனக்கு லீவு இல்லை.

ஆட்டோ பே பற்றியும் என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். பலர் உடன்பட மாட்டார்கள். 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கும் வரம்பு அப்போது 5,000 ரூபாய், 2022 ஜூனில் 15,000 ஆனது. நல்ல விதி. ஆனால் தகவல் எஸ்.எம்.எஸ். ஆக வரும், எங்கள் அப்பா அதைப் படிக்க மாட்டார். மாதா மாதம் ஒரே தொகை வரும் இன்டர்நெட் பில்லுக்கு வேண்டுமானால் வைத்துக் கொள்ளுங்கள். கரண்ட் பில்லுக்கு வேண்டாம். 2,110 என்று பார்த்து அதிர்ச்சியடைந்ததால்தான் பைப் விட்டது தெரிந்தது. தானாகக் கழிந்திருந்தால் கறிவேப்பிலை இன்னும் தழைத்திருக்கும்.

இப்போது ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே "வீட்டு பில்" என்று ஒரு போல்டர். உள்ளே கரண்ட், கேஸ், இன்டர்நெட், வரி, ஒப்பந்தம் என்று ஐந்து. பணம் கட்டி முடித்ததும் வரும் ரசீதுப் பக்கத்தில் பிரிண்ட் கட்டளை கொடுத்து, பிரிண்டர் பெயருக்குப் பதிலாக பி.டி.எப். ஆகச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். பெயர் வைக்கும்போது வருடம் முதலில், மாதம் அடுத்து: "2025-02 கரண்ட் 1,410" என்பது போல. அப்படி வைத்தால் பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பைல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஒரு காலத்தில் பாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோட் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பேப்பரில் வரும் ரசீதை போனில் படமெடுத்து அதே போல்டரில் போடுகிறோம். மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு நகல். பென் டிரைவ் அந்தப் பழைய ஆணியில்தான் தொங்குகிறது.

ரீடிங் பதிவது அம்மா. ஞாயிற்றுக்கிழமை இட்லி ஊற்றி வைத்து விட்டு வந்து உட்காருவார். எண்களை ஒற்றை விரலால்தான் தட்டுவார். போன மாதம் எனக்குப் போன் செய்து, "தம்பி, இதுல இன்னொரு வரிசை சேக்கணுமே, எப்படி?" என்று கேட்டார். எதற்கு என்றேன். பால்காரர் கணக்கிலும் அவருக்கு ஒரு சந்தேகமாம்.